மேலங்கியில் தைத்த மகிழ்ச்சி

1662-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் தேதி பிளெய்ஸ் பாஸ்கல் பாரிஸ் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 39. சில நாட்களுக்குப் பிறகு, அவருடைய மேலங்கி ஒன்றின் உட்துணி சற்றே தடித்திருப்பதைப் பணியாள் ஒருவன் தற்செயலாகக் கவனித்தான். தையலைப் பிரித்தார்கள். உள்ளே மடித்து வைத்த தோல் ஏடு ஒன்று. அதற்குள் ஒரு காகிதம். இரண்டிலும் பாஸ்கலின் கையெழுத்து; இரண்டிலும் ஏறக்குறைய ஒரே செய்தி.

பாஸ்கல் சாமானியர் அல்லர். வரி அதிகாரியான தந்தையின் கணக்கு வேலையை எளிதாக்குவதற்காக, 1642-இல், 19 வயதிலேயே கணக்கிடும் இயந்திரம் செய்யத் தொடங்கியவர். 1648-இல் தமக்கையின் கணவரைப் பாதரசக் குழாயுடன் மலையேறச் செய்து, உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்று காட்டியவர்.

அறிவுக்கும் புகழுக்கும் குறைவில்லை, மனத்தில்தான் நிறைவில்லை. 1651-இல் தந்தை இறந்தார். மறு ஆண்டே தங்கை ழாக்லீன் கன்னிமடத்தில் சேர்ந்துவிட்டாள். 1654-இல் அந்தத் தங்கையிடம் சென்று பாஸ்கல் மனம் விட்டுப் பேசினார். உலகம் கசந்துவிட்டது; ஆனால் கடவுளின் பக்கமும் மனம் இழுக்கப்படவில்லை. இரு கரையும் எட்டாமல் நடு ஆற்றில் தத்தளிப்பவனின் நிலை அது.

அந்த ஆண்டு நவம்பர் 23, திங்கட்கிழமை இரவு, சுமார் பத்தரை மணி முதல் பன்னிரண்டரை மணி வரை அவருக்கு ஏதோ நிகழ்ந்தது. விஞ்ஞானி அல்லவா? நாளையும் நேரத்தையும் முதலில் குறித்துக்கொண்டார். பிறகு நெருப்பு என்று ஒரே சொல். தாம் கண்டது தத்துவவாதிகள் தர்க்கத்தால் நிறுவும் கடவுளை அல்ல, ஆபிரகாமின் கடவுளை என்று எழுதினார். மகிழ்ச்சி என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினார், கண்ணீரையும் எழுதினார். கிறிஸ்துவை விட்டு விலகியிருந்ததை நினைத்து வருந்தினார். இனி என்றும் பிரியாதிருக்க வேண்டும் என்று இறைஞ்சினார். மகிழ்ச்சியும் அச்சமும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இரண்டு மணி நேரம் எரிந்த நெருப்பு எட்டு ஆண்டுகள் நிலைத்ததா?

பாஸ்கல் அதன்பின் சுகமாக வாழ்ந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. 18 வயதுக்குப் பிறகு வலியில்லாத நாளே இல்லை என்று அவர் சொன்னதாகத் தமக்கை எழுதியிருக்கிறார். இடுப்பில் முட்கள் வைத்த இரும்புக் கச்சை கட்டித் தம்மையே வருத்திக்கொண்டதும் உண்டு. 1661-இல் ழாக்லீனும் இறந்தாள். இதையெல்லாம் பார்த்து, இதுவா மகிழ்ச்சி என்று கேட்பவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

ஆனால் அவருடைய கடைசி ஆண்டைப் பாருங்கள். 1662-இல் பாரிஸில் ஐந்து ஸூ கட்டணத்துக்கு ஏறிச் செல்லும் பொது வண்டிகள் ஓடத் தொடங்கின. அந்த ஏற்பாட்டில் பாஸ்கலுக்கும் பங்கு உண்டு. அதன் வருவாயிலிருந்து முன்பணம் வாங்கிப் புளுவா வட்டாரத்து ஏழைகளுக்கு அனுப்ப அவர் விரும்பினார். தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அந்தக் குழந்தைக்கு வைசூரி கண்டது. அப்போது பாஸ்கலும் கடும் நோயாளிதான். ஆனாலும் குழந்தையை அலைக்கழிக்கக் கூடாது என்று, தாமே வீட்டை விட்டுத் தமக்கை வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

அந்த எட்டு ஆண்டுகளிலும், உடை மாற்றும்போதெல்லாம் பழைய அங்கியிலிருந்து ஏட்டைப் பிரித்தெடுத்துப் புதிய அங்கியில் தைத்துக்கொண்டாராம். உடன் வாழ்ந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. நிலைத்த மகிழ்ச்சி என்றால் ஓயாத பரவசம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பரவசம் ஓய்ந்துவிடும் என்பதை அறிந்ததனால்தானே அவர் ஊசியும் நூலும் எடுத்தார்? மகிழ்ச்சி வந்தது ஓர் இரவில். அதை நிலைக்கச் செய்தது, ஒவ்வொரு முறையும் மறுபடி போட்ட தையல்.