செம்பட்டியல் பிறந்த கதை

அமெரிக்காவின் சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிசாலையில் 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஒரு புறா இறந்தது. அதன் பெயர் மார்த்தா. பயணிப் புறா என்னும் இனத்தில் எஞ்சியிருந்தது அது ஒன்றே. அதனோடு அந்த இனமும் மறைந்தது.

எத்தனையோ உயிரினங்கள் அழிந்துள்ளனவே, இதில் என்ன வியப்பு என்று நீங்கள் கேட்கலாம். இப்புறா அரிய பறவை அன்று என்பதே வியப்பு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் 300 கோடி முதல் 500 கோடி வரை பயணிப் புறாக்கள் இருந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. 1813-இல் ஆடுபான் என்ற பறவையியல் அறிஞர் கென்டக்கிப் பகுதியில் கண்ட கூட்டம் வானத்தைக் கடந்து முடிய மூன்று நாட்கள் ஆயின. நண்பகல் வெளிச்சமே மங்கிப்போனதாம். பிறகு காடுகள் வெட்டப்பட்டன. புறாக்கள் கூடு கட்டிய இடத்தைத் தந்தி வேட்டைக்காரர்களுக்கு அறிவித்தது. கொன்ற புறாக்களை இரயில் சந்தைக்குச் சுமந்தது. ஆடுபான் கண்ட காட்சிக்கும் மார்த்தாவின் மரணத்திற்கும் இடையே 101 ஆண்டுகளே.

அப்படியானால் ஓர் இனம் ஆபத்தில் இருக்கிறது என்பதை எப்படி அறிவது? இக்கேள்விக்கு விடை காண அறிவியலார் பல ஆண்டுகள் முயன்றனர். அந்த வரலாற்றைக் காண்போம்.

வண்ணத் தாள்கள்

1948-இல் பிரான்சு நாட்டின் ஃபோந்தேன்புளோ நகரில் இயற்கைப் பாதுகாப்புக்கென ஒரு பன்னாட்டு அமைப்பு தோன்றியது. இன்று அது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் எனப்படுகிறது. ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்குத் தனி நூல் வேண்டும் என்ற கருத்தை இவ்வொன்றியத்தில் முன்வைத்தவர் பீட்டர் ஸ்காட் என்ற ஆங்கிலேயர். சிவப்பு அபாயத்தின் நிறம் அல்லவா? எனவே நூலுக்குச் 'சிவப்புத் தரவு நூல்' என்று பெயரிட்டனர். பாலூட்டிகள், பறவைகள் பற்றிய தொகுதிகள் 1966-இல் வெளிவந்தன.

அந்நூலின் தாள்கள் கழற்றி மாற்றத்தக்கவை. புதிய செய்தி கிடைத்ததும் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். நிலைமைக்கேற்பத் தாளின் நிறமும் மாறும். ஆபத்திலிருந்து மீண்ட இனத்துக்குப் பச்சைத் தாள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு குறை இருந்தது. ஓர் இனம் 'ஆபத்தில் உள்ளது' என்றோ 'அரியது' என்றோ வல்லுநர்கள் தம் அனுபவத்தைக் கொண்டே முடிவு செய்தனர். ஒருவர் ஆபத்து என்பார். மற்றவர் இல்லை என்பார். யார் சொல்வது சரி? வெப்பமானி இல்லாமல் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்வது போன்ற நிலை அது.

எண்கள் வந்தன

1991-இல் ஜார்ஜினா மேஸ், ரஸ்ஸல் லாண்டே என்ற இரு அறிவியலார் ஒரு கட்டுரை எழுதினர். ஆபத்தை நிகழ்தகவாகச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதம். விவாதங்களுக்குப் பின் 1994-இல் ஒன்றியம் புதிய விதிகளை ஏற்றது. அவற்றின்படி, 10 ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில் அழிந்துபோகும் வாய்ப்பு 50 விழுக்காடு உள்ள இனம் 'அழிவின் விளிம்பில் உள்ளது'. 20 ஆண்டுகளில் அல்லது ஐந்து தலைமுறைகளில் 20 விழுக்காடு வாய்ப்பு இருந்தால் 'ஆபத்தில் உள்ளது'. 100 ஆண்டுகளில் 10 விழுக்காடு என்றால் 'எளிதில் பாதிப்புறுவது'.

இந்த வாய்ப்பை எல்லா இனங்களுக்கும் கணக்கிட்டுவிட முடியாது. ஆகவே வேறு அளவுகோல்களும் சேர்க்கப்பட்டன. வாழும் பரப்பு எவ்வளவு? முதிர்ந்த உயிர்கள் எத்தனை? எவ்வளவு வேகமாகக் குறைகின்றன? முதிர்ந்தவை 50-க்கும் குறைந்தால் அந்த இனம் அழிவின் விளிம்பில் உள்ளது. 10 ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இவற்றுள் நீண்ட காலத்தில், 80 விழுக்காடு குறைந்தாலும் அதே நிலைதான். ஏதேனும் ஓர் அளவுகோலுக்கு உட்பட்டாலே போதும்.

இங்கே இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரு வண்டி பள்ளத்தின் விளிம்பிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கிறது. இன்னொன்று 1 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் தடை பிடிக்காமல் பள்ளத்தை நோக்கி விரைகிறது. எதற்கு ஆபத்து மிகுதி? இருக்கும் இடம் மட்டும் தெரிந்தால் போதாது, திசைவேகமும் தெரியவேண்டும். பயணிப் புறாவின் காலத்தில் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

பாறு கற்பித்த பாடம்

புதிய விதிகளுக்கு விரைவிலேயே சோதனை வந்தது. வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு இந்தியாவில் மிகுதியாகக் காணப்பட்ட பறவை. 1988-இல் அதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1990-களில் இராஜஸ்தானத்தின் பரத்பூரில் அவை வேகமாகக் குறைவதை விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். 2000-இல் செம்பட்டியல் அப்பறவையை அழிவின் விளிம்பில் வைத்தது. அப்போது காரணம் இன்னதென்று யாருக்கும் தெரியாது! குறையும் வேகமே போதிய சான்றாயிற்று.

2004-இல் காரணம் வெளிவந்தது. கால்நடைகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. ஆனால் 1992-இல் ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றே எஞ்சியது. தமிழ்நாட்டில் முதுமலையை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை கூடு கட்டி வருகின்றன.

2024-இல் செம்பட்டியலில் 1,66,000 இனங்கள் மதிப்பிடப்பட்டிருந்தன. அவற்றுள் 46,000-க்கும் மேற்பட்டவை அழியும் ஆபத்தில் இருந்தன.

10 ஆண்டுகளில் 50 விழுக்காடு என்றதும் கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுட்காலம் உங்களுக்கு நினைவு வரலாம். ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. யுரேனியத்தைச் சூடாக்கினாலும் அழுத்தினாலும் அதன் அரை ஆயுட்காலம் மாறாது. உயிரினத்தின் வாய்ப்பையோ நாம் மாற்ற முடியும். அரேபிய ஓரிக்ஸ் என்னும் மான் போன்ற விலங்கு 1972-இல் இயற்கைச் சூழலில் அற்றுப்போயிற்று. காட்சிசாலைகளில் காத்து வளர்த்த ஓரிக்ஸ்களை 1982-இல் ஓமான் பாலைவனத்தில் விட்டனர். 2011-இல் இயற்கைச் சூழலில் ஏறத்தாழ ஆயிரம் இருந்தன. செம்பட்டியல் அந்த இனத்தை 'எளிதில் பாதிப்புறுவது' என்ற நிலைக்கு இறக்கியது.

செம்பட்டியல் எந்த இனத்திற்கும் விதித்த தீர்ப்பு அன்று. அது ஓர் அளவுகருவி. கருவி காட்டும் எண்ணைப் படித்தபின் என்ன செய்கிறோம் என்பது நம்மைப் பொறுத்தது.