வெண்திரையும் வரலாற்று வகுப்பும்

சினிமா என்றதும் பொழுதுபோக்கு என்னும் எண்ணமே நம்மில் பலருக்கு எழுகிறது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மாணவன் தியேட்டர் வாசலில் நிற்பதைக் கண்டால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனினும் அதே சினிமாவைச் சரித்திர வகுப்புக்குள் அழைத்து வந்து, மனித குலம் வெட்கித் தலைகுனிய வேண்டிய ஒரு கொடுமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்த மேலை நாடுகள் சில முயன்றிருக்கின்றன. ஹிட்லரின் ஆட்சியில் ஏறக்குறைய 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதையே குறிப்பிடுகிறேன். அம்முயற்சியைப் பற்றிச் சரித்திர ஆசிரியன் என்ற முறையில் மாணவ நண்பர்களாகிய உங்களிடம் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையை நினைவில் இருத்த வேண்டும். யூத வெறுப்பைப் போக்குவதற்குச் சினிமா பயன்படும் முன்னரே, அதனை வளர்ப்பதற்குச் சினிமா பயன்பட்டுவிட்டது. 1940ஆம் ஆண்டில் பிரசார மந்திரி கோயபல்ஸின் ஏற்பாட்டில், வைட் ஹார்லன் என்பவர் 'யூத் சூஸ்' என்னும் படத்தை எடுத்தார். வூர்ட்டம்பெர்க் சிற்றரசனிடம் நிதி அலுவல்களைக் கவனித்து, 1738இல் தூக்கிலிடப்பட்ட ஒரு யூதரின் வரலாற்றைத் திரித்து, அவரைக் கொடியவராகவும் காமுகராகவும் அப்படம் சித்திரித்தது. இளைஞர்கள் காணத்தக்கது என்ற அரசாங்க முத்திரையும் அதற்குக் கிடைத்தது. பார்த்தவர்கள் ஏறத்தாழ 2 கோடிப் பேர். அது மட்டமான படமாக இருந்திருந்தால் கேடு குறைந்திருக்கும். தேர்ந்த நடிகர்களும் நேர்த்தியான காட்சிகளும் அதில் இருந்தமையால்தான் நஞ்சு எளிதில் இறங்கிற்று. இன்று ஜெர்மனியில் அதனைத் திரையிட வேண்டுமானால், விஷயம் அறிந்த ஒருவர் முன்னுரை கூற வேண்டும். முடிந்தபின் விவாதமும் நடத்த வேண்டும்.

பொய் சொல்லும் படத்துக்கு மட்டும் முன்னுரை இருந்தால் போதும், மெய் சொல்லும் படம் தானே பேசிக்கொள்ளும் என்று சிலர் கருதுவார்கள். 1994ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லண்டு நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலரை 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரு யூதப் பெண் சுடப்படும் காட்சியில் சில மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். மற்றவர்கள் முறையிட, படம் நிறுத்தப்பட்டு மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அப்பிள்ளைகளைக் கல் நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். நாள்தோறும் திரையில் துப்பாக்கிச் சூட்டைக் கண்டு பழகியவர்களிடம், இது நடந்த சம்பவம் என்பதை யாரும் முன்கூட்டி விளங்கச் செய்யவில்லை. அவ்வளவுதான். படத்தை இயக்கிய ஸ்பீல்பர்க், பின்னர் அப்பள்ளிக்கே சென்று மாணவர்களிடம் உரையாடினார்.

பிரான்சு தேசத்துப் பள்ளிகளில் பல தலைமுறைகளாகக் காட்டப்பட்டுவரும் படம் 'இரவும் பனிமூட்டமும்'. அலன் ரெனே இயக்கி, 1956இல் வெளிவந்தது. 32 நிமிடமே ஓடும். புல் முளைத்துக் கிடக்கும் முகாம் நிலத்தை வண்ணத்திலும், பழைய புகைப்படங்களையும் படச்சுருள்களையும் கறுப்பு வெள்ளையிலும் அது மாற்றி மாற்றிக் காட்டுகிறது. உரையை எழுதிய ஜான் கேரோல், மௌத்தவுசன் முகாமில் அடைபட்டு உயிர் மீண்ட கவிஞர். அவர் குரலை உயர்த்துவதே இல்லை. அந்த அடக்கமே நம்மை உலுக்குகிறது.

இத்தகைய படத்திலும் மாணவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. பிரெஞ்சுத் தடுப்பு முகாம் ஒன்றின் புகைப்படத்தில் காவலன் ஒருவன் நிற்கிறான். அவன் தொப்பி, அவன் பிரெஞ்சுப் போலீஸ்காரன் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. தணிக்கையாளர் அதனை நீக்கச் சொன்னார்கள். ரெனே அத்தொப்பியின்மேல் ஓர் உத்தரக்கட்டை போல் வரைந்து மறைக்க நேர்ந்தது. மறைக்க வேண்டிய அவசியம் என்ன? 1942ஆம் ஆண்டு ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசு நகரில் ஏறத்தாழ 13,000 யூதர்களை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல் பிடித்தவர்கள் ஜெர்மானியர் அல்லர், பிரெஞ்சுப் போலீசார். இதில் பிரெஞ்சு அரசுக்கு இருந்த பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995இல்தான். படத்தின் பின்னாளையப் பிரதிகளில் அத்தொப்பி மீண்டும் தெரிகிறது.

இரண்டாவது, காதால் கவனிக்க வேண்டியது. யூதர் என்ற சொல் அப்படத்தின் உரையில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. பிரெஞ்சு எதிர்ப்புப் போராளிகளின் தியாகத்தைப் போற்றிய அக்காலத்தில், கைதிகள் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதே வழக்கமாக இருந்தது. யூதர்கள் செய்த செயலுக்காக அன்றி, பிறந்த பிறப்புக்காகவே கொல்லப்பட்டார்கள் என்னும் வேறுபாடு அதனால் மங்கிப்போயிற்று. அக்குறையை ஆசிரியர் நிரப்ப வேண்டும். அதற்காகப் படத்தை ஒதுக்கிவிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வயதினருக்கு இதைவிட நெருக்கமான படம், லூயி மால் 1987இல் எடுத்த 'போய் வருகிறேன், குழந்தைகளே'. அவர் பதினொரு வயதுச் சிறுவனாகப் பாரிசுக்குத் தெற்கே ஆவோன் என்னும் ஊரின் கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றார். தலைமையாசிரியராயிருந்த பாதிரியார் ஜாக், யூத மாணவர் மூவரை வேறு பெயர்களில் சேர்த்து ஒளித்து வைத்திருந்தார். அந்த நினைவோடு கற்பனையும் கலந்தது இப்படம். இதில் பிணக்குவியல்கள் இல்லை. வகுப்பு, விளையாட்டு, குளிர், இரு சிறுவர்களின் நட்பு, இவைதாம் கதை.

ஓர் உணவு விடுதிக் காட்சி உண்டு. பிரெஞ்சுத் துணைப்படையினர் முதியவரான யூதர் ஒருவரை வெளியேற்ற முயலும்போது, அவர்களை அதட்டி அனுப்புபவர் பக்கத்து மேசையில் உண்டுகொண்டிருந்த ஒரு ஜெர்மானிய அதிகாரி! நல்லவர் இன்ன நாட்டார், தீயவர் இன்ன நாட்டார் என்று பட்டியல் எழுதிக்கொண்டு வந்த மாணவன் அங்கே திகைத்துப் போகிறான்.

பள்ளியின் சமையற்கட்டில் ஜோசப் என்னும் ஏழைச் சிறுவன் ஒருவன் வேலை செய்கிறான், கால் ஊனமுற்றவன். வசதி படைத்த மாணவர்களும் அவனும் கள்ளத்தனமாகப் பண்டமாற்றுச் செய்கிறார்கள். குற்றம் வெளிப்பட்டதும் வேலை போனது அவனுக்கு மட்டும். மாணவர்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள். பிறகு நாஜிப் போலீசிடம் துப்புக் கொடுப்பவன் இந்த ஜோசப்தான். நான் இப்படத்தைக் காட்டும்போதெல்லாம் இவ்விடத்தில் நிறுத்தி விளக்கைப் போடச் சொல்வேன். ஜோசப்பை நீக்கியது நியாயமா, அந்த அநியாயம் அவன் செய்ததற்குச் சமாதானம் ஆகுமா என்று கேட்பேன். மணி அடித்த பிறகும் வாதம் ஓயாது.

வாதம் அடங்கியபின், ஆவோனில் உண்மையில் நடந்ததைச் சொல்வது வழக்கம். 1944ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி நாஜிப் போலீசார் அப்பள்ளிக்குள் நுழைந்தார்கள். மூன்று மாணவர்களும் பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பாதிரியார் ஜாக் மௌத்தவுசன் முகாமின் துன்பத்தைத் தாங்கி விடுதலையைக் கண்டார். ஆனால் ஊர் திரும்பவில்லை. 1945 ஜூன் 2ஆம் தேதி லின்ஸ் நகரில் காலமானார்.