குமாஸ்தாவுக்கு ஒரு தேர்தல்

தீர்ப்புச் சொல்பவர் நீதிபதிதான். ஆனால் வழக்குக் கட்டு இன்று அகப்படுமா, அலமாரியில் உறங்குமா என்பது குமாஸ்தாவின் கையில் இருக்கிறது. நம் நாட்டில் கோர்ட்டு சிரஸ்தார் நியமனம் பெற்று வருகிறவர். அமெரிக்காவில் பல ராஜ்யங்களில் தலைமைக் குமாஸ்தா ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்.

இந்த வழக்கம் 19-ம் நூற்றாண்டில் வேரூன்றியது. எல்லா அதிகாரமும் ஜனங்களிடமிருந்தே வரட்டும் என்ற வேகம் அப்போது இருந்தது. 1832-ல் மிஸிஸிப்பி தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தலுக்கு நிறுத்தியது. 1848-ல் இல்லினாய் அதே வழிக்கு வந்தது. கோர்ட்டுக் குமாஸ்தாக்களும் வேட்பாளர்கள் ஆனார்கள்.

நோக்கம் உயர்ந்ததுதான். பலன் எப்படி? சிகாகோ நகரம் அடங்கிய குக் ஜில்லாவைப் பார்ப்போம்.

1980-களில் அங்கே 'கிரேலார்ட்' என்ற ரகசிய விசாரணை நடந்தது. 15 நீதிபதிகள் தண்டனை பெற்றார்கள். ஆனால் முதன்முதலில், 1984-ல், குற்றவாளி என்று தீர்ப்பானவர் நீதிபதி அல்லர். ஹெரால்ட் கான் என்ற உதவிக் குமாஸ்தா. லஞ்சப் பணம் கை மாறுவதற்கு நடுவில் ஒரு கை வேண்டுமல்லவா? அந்தக் கை அவருடையது. 1974 முதல் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த மார்கன் ஃபின்லியும் வேறொரு லஞ்ச வழக்கில் 1989-ல் குற்றவாளியானார்.

அவர் இருந்த நாற்காலிக்கு 1988-ல் தேர்தல். சீர்திருத்தம் செய்வேன் என்று நின்று ஜெயித்தவர் அரேலியா புசின்ஸ்கி என்ற பெண்மணி. இதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர் வேறொரு பதவிக்குக் கட்சியின் உட்தேர்தலில் நின்று, அதிகம் பேர் அறியாத ஒரு தீவிரக் கோஷ்டியின் வேட்பாளரிடம் தோற்றிருந்தார். ஓட்டர்கள் ஆளை அறியாமல் பெயரைப் பார்த்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஓட்டுச் சீட்டின் அடிவரிசைக்கு வரும்போது யாருக்குத்தான் யாரைத் தெரியும்?

அவர் 12 வருஷம் இருந்தார். அடுத்தவர் 20 வருஷம் இருந்தார். 2020-ல் இன்னொருவர் சீர்திருத்தம் என்று சொல்லி ஜெயித்தார். 2024-ல் அவரையும் கட்சியின் உட்தேர்தலில் தோற்கடித்து வேறொருவர் வந்தார். அவருடைய வாக்குறுதியும் சீர்திருத்தம்தான்!

இவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆயிரம் பேருக்கு மேல் உத்தியோகம் பார்த்த அலுவலகம் அது. கட்சி ஏணியில் ஏறி வந்தவரிடம், ஏணியைப் பிடித்தவர்கள் வேலை கேட்காமல் இருப்பார்களா? கட்சிக்காக ஆளை வைப்பதையும் நீக்குவதையும் தடுக்க 1972-லும் 1983-லும் சிகாகோவில் கோர்ட்டு உத்தரவுகளே தேவைப்பட்டன.

கிரேலார்டில் ஊழலை வெளியே கொண்டுவந்ததும் தேர்தல் அல்ல. டெரன்ஸ் ஹேக் என்ற இளம் அரசாங்க வக்கீல், தாமும் லஞ்சத்துக்கு இணங்குபவர்போல் நடித்துப் பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்தார். அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்டவர் அல்லர்.

அப்படியானால் தேர்தல் வீணா? இல்லை. 2024-ல் வந்தவர் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. நீதித்துறையின் அங்கம் என்பதால் தகவல் அறியும் சட்டத்துக்கு வெளியே இருந்து வந்த அந்த அலுவலகத்தை அதற்கு உட்படுத்துவதாக அவர் சொன்னார். "நான் நல்லவன், நம்புங்கள்" என்ற வாக்குறுதியை ஓட்டர் சோதிக்க முடியாது. "என் அலமாரியைத் திறந்து பாருங்கள்" என்பதைச் சோதிக்கலாம். கட்டைத் தேடி ஜன்னலோரம் நிற்கும் ஏழைக் கட்சிக்காரனுக்குக் குமாஸ்தாவின் குணத்தைவிட அலமாரியின் சாவிதான் முக்கியம்.