மூங்கில் விற்கும் உரிமை: மேண்டா லேகாவும் சமூக வன மேலாண்மையின் வளர்ச்சியும்

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் பெரும்பகுதி காடு. அந்தக் காட்டில் கல்மூங்கில் அடர்ந்து விளைகிறது. ஆயினும் அங்கு வாழும் கோண்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக வறுமையிலேயே இருந்தனர். நீண்ட காலக் குத்தகையில் மூங்கில் காகித ஆலைக்குப் போயிற்று. ஊராருக்குக் கிடைத்தது வெட்டுக்கூலி மட்டுமே. காடு அழிந்ததால் மட்டும் வறுமை வரவில்லை. காடு செழித்திருந்த இடத்திலும் அது நிலைத்திருந்தது.

இந்நிலையின் வேர் காலனியச் சட்டங்களில் உள்ளது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் காடுகளைக் காப்புக் காடு, பாதுகாக்கப்பட்ட காடு, கிராமக் காடு என மூன்றாக வகுத்தது. இவற்றுள் கிராமக் காடு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலையும் மரம் என வரையறுத்தது. இதனால் ஒரு கழியை விற்பதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டியதாயிற்று. காலனிய வனச் சட்டங்களுக்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. இமயமலைப் பகுதியின் குமாவுனில் 1921இல் வெடித்த போராட்டத்தின் விளைவாக 1931இல் வன பஞ்சாயத்துகள் தோன்றின. ஆனால் அந்த ஏற்பாடு அப்பகுதிக்கு அப்பால் பரவவில்லை.

அடுத்த திருப்பம் மேற்கு வங்கத்தின் அரபாரியில் நிகழ்ந்தது. 1970களில் அங்குச் சிதைந்துபோன குங்கிலியக் காட்டைக் காக்க, வன அலுவலர் அஜித் குமார் பானர்ஜி ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டார். வருவாயில் கால்பங்கு தருவதாக உறுதியளித்தார். வெட்டுண்ட மரங்கள் மீண்டும் தழைத்தன. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும், 1990 ஜூன் 1இல் வெளியான மத்திய அரசின் சுற்றறிக்கையும் இம்முறையைக் கூட்டு வன மேலாண்மை என்ற பெயரில் நாடெங்கும் கொண்டுசென்றன. எனினும் அது சலுகையேயன்றி உரிமையன்று. திட்டமிடுவதும் பணத்தைக் கையாள்வதும் பெரும்பாலும் வனத்துறையிடமே இருந்தன. காவல் ஊரார் பொறுப்பு, முடிவு அலுவலர் பொறுப்பு என்ற இந்தப் பிரிவினையே அதன் அடிப்படைக் குறை.

அக்குறையைத் தீர்த்தது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். மூங்கிலைச் சிறு வன மகசூலில் சேர்த்து, அதைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தந்தது. காட்டை நிர்வகிக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்தது. இதை முதலில் பயன்படுத்திக்கொண்ட ஊர்களுள் ஒன்று கட்சிரோலியின் மேண்டா லேகா. நூறு குடும்பங்கள் அளவிலான இச்சிற்றூர் 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமைப் பட்டா பெற்றது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லா முடிவுகளையும் ஒருமனதாக எடுக்கும் வழக்கத்தை அவ்வூர் வளர்த்திருந்தது. அந்தப் பழக்கம் இல்லையேல் பட்டா மட்டும் போதியிருக்காது.

பட்டா கிடைத்தும் மூங்கிலை ஊருக்கு வெளியே கொண்டுசெல்லப் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அதை வழங்க வனத்துறை மறுத்தது. 2011 ஏப்ரலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்த பிறகே விற்பனைக்கு வழி பிறந்தது. வாங்குபவரைக் கிராம சபையே ஏலத்தில் தேர்ந்தது. மூங்கில் வருவாய் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. வெட்டியவர்களுக்குக் கூடுதல் கூலி கிடைத்தது, எஞ்சிய தொகை ஊர்ப்பணிகளுக்குப் போயிற்று. 2012இல் திருத்தப்பட்ட விதிகள் சீட்டு வழங்கும் அதிகாரத்தை எல்லாக் கிராம சபைகளுக்கும் உரியதாக்கின. பின்னர் கட்சிரோலி, கோந்தியா மாவட்டங்களின் பல கிராம சபைகள் பீடி சுற்றும் தெண்டு இலையையும் தாமே ஏலம் விடத் தொடங்கின.

இவ்வருவாய் ஆண்டுதோறும் ஒரே சீராக வருவதன்று. கல்மூங்கில் கூட்டமாகப் பூத்தால் மொத்தமாகப் பட்டுப்போகும். புதிய புதர்கள் முதிரும்வரை அறுவடை இல்லை. பெரிய ஆலைகள் சிலவே வாங்கும் சந்தையில் விலையும் அவற்றின் கையில் இருக்கிறது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மட்டுமே விடுவித்தது. காட்டு மூங்கிலை விற்று வாழும் உரிமையை ஊர்களுக்குத் தருவது இன்றும் முக்கியமாக வன உரிமைச் சட்டமே. சமூகப் பட்டா கிடைக்காத ஊர்கள் பலவற்றுக்கு அந்த வருவாய் இன்னும் எட்டவில்லை.