கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்: அமெரிக்காவும் நார்வேயும்

பெண்கள் கால்பந்தின் தொடக்க காலத்தில் அமெரிக்காவுக்குச் சரிசமமாக நின்று ஆடிய நாடு நார்வே. 1991இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 2-1 என்று நார்வேயை வென்றது. நான்கு ஆண்டுகள் கழித்து சுவீடனில், அரையிறுதியில் அமெரிக்காவை 1-0 என்று வீழ்த்திய நார்வே கோப்பையையும் தூக்கியது. 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதியிலும் நார்வேதான் 3-2 என்று வென்றது. உச்சத்தில் இப்படி எதிரெதிரே நின்ற இரு நாடுகளும், எட்டு வயதுச் சிறுமி முதன்முதலாகப் பந்தை உதைக்கும் உள்ளூர் கிளப்பில் வெவ்வேறு பாதைகளில் போகின்றன. பயிற்சியாளர் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ பட்டால், அவர்களால் வாய் திறக்க முடியுமா என்பதை அந்தப் பாதைதான் தீர்மானிக்கிறது.

கவலை எங்கே தொடங்குகிறது

பெற்றோரின் கவலைகள் இரு நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தவறு செய்த பிள்ளையைப் பெயர் சொல்லி மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்துவது. ஒரு பந்தைக் கோட்டைவிட்டதற்காக மீதி ஆட்டம் முழுவதும் வெளியே உட்கார வைப்பது. உடல் எடையைப் பற்றி அணியின் முன்னால் பேசுவது. முழங்கால் வலிக்கிறது என்றவளை ‘சாக்குச் சொல்லாதே’ என்று அடக்குவது. பயிற்சி முடிந்த பிறகு தனியாகக் குறுஞ்செய்தி அனுப்புவது.

இவற்றில் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் உடனே ஆபத்து என்று கண்டுகொள்கிறார்கள். மற்றவை ‘கண்டிப்பு’ என்ற பெயரில் தப்பித்துவிடுகின்றன. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும் பெற்றோருக்கு ஓர் அடையாளம் தெளிவாகத் தெரியும். பந்தைத் தோழிக்குத் தட்டிவிட்ட அடுத்த நொடி, பந்து போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கிறாள் பிள்ளை. அவள் அப்போது கால்பந்து ஆடவில்லை, ஒருவரின் மனநிலையைக் கணித்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், உடல் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில், பெரும்பாலும் ஆண்களாகவே இருக்கும் பயிற்சியாளர்களின் கையில் இந்தப் பழக்கம் படிந்தால் அது ஆட்டத்தோடு நிற்பதில்லை.

இதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. 2021 செப்டம்பரில் மானா ஷிம், சினேட் ஃபாரெலி என்ற இரு தொழில்முறை வீராங்கனைகள் தங்கள் முன்னாள் பயிற்சியாளர் மீது பாலியல் குற்றச்சாட்டுகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஷிம் 2015லேயே அணி நிர்வாகத்திடம் புகார் கொடுத்திருந்தார். அந்த அணியை விட்டுப் போன பயிற்சியாளரை அடுத்த ஆண்டே வேறோர் அணி சேர்த்துக்கொண்டது. 2021இல் குற்றச்சாட்டுகள் வெளிவந்ததையடுத்து அமெரிக்க கால்பந்துக் கூட்டமைப்பு, முன்னாள் தற்காலிக அட்டர்னி ஜெனரல் சாலி யேட்ஸிடம் விசாரணையை ஒப்படைத்தது. 200க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி 2022 அக்டோபரில் வெளியான அவரது அறிக்கை, தொழில்முறை லீக்கோடு நிற்கவில்லை. வசைச்சொல்லை இயல்பாக்கி, பயிற்சியாளருக்கும் வீராங்கனைக்கும் இடையே உள்ள எல்லையை மங்கச் செய்யும் பண்பாடு சிறுமியர் லீக்குகளிலேயே தொடங்கிவிடுகிறது என்று அது சொன்னது. 2023 ஜனவரியில் லீக் நான்கு பயிற்சியாளர்களை நிரந்தரமாக விலக்கியது. பெற்றோர் வருடக்கணக்காக மனத்துக்குள் வைத்துப் புழுங்கியது அந்த அறிக்கையில் முன்னாள் அரசு வழக்கறிஞர் ஒருவரின் எழுத்தில் வந்தது.

வாசற்காவலரும் பக்கத்து வீட்டுக்காரரும்

அமெரிக்கப் பெற்றோர் ஏன் முன்பே பேசவில்லை? கோழைத்தனம் காரணமல்ல. 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கியது. கல்லூரிகளில் மகளிர் கால்பந்து அணிகள் பெருகின, உதவித்தொகைகளும் பெருகின. பெண்கள் விளையாட்டுக்குக் கிடைத்த பெரிய வரம் அது. ஆனால் அந்த வரத்தை நோக்கிப் போகும் பாதையில் கிளப் பயிற்சியாளர் வாசற்காவலர் ஆகிவிட்டார். கல்லூரிப் பயிற்சியாளர்கள் வீராங்கனைகளைத் தேடி வருவது 2009இல் தொடங்கிய ஈசிஎன்எல் போன்ற கிளப் லீக்குகளின் ஆட்டங்களுக்குத்தான். 2019இல் வந்த விதிப்படி, முதல்நிலைக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் ஜூன் 15க்கு முன் மாணவியோடு நேரடியாகப் பேசக் கூடாது. பிஞ்சு வயதில் பேரம் பேசுவதைத் தடுத்த நல்ல விதி. ஆனாலும் அதுவரை கல்லூரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்பவர் கிளப் பயிற்சியாளர்தான்.

மேல்மட்ட அணி என்றால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம், வெளியூர்ப் பயணம், விடுதிச் செலவு. ஒவ்வோர் ஆண்டும் மறுபடி தேர்வு. நடுவில் விலகினால் பல கிளப்கள் கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை. பணம் கட்டுபவர் வாடிக்கையாளர், எனவே அவர் குரலுக்கு மதிப்பு இருக்கும் என்று தோன்றும். நடப்பதோ தலைகீழ். கட்டிய பணமும் அடுத்த தேர்வும் பெற்றோரின் வாயைக் கட்டிப்போடுகின்றன. ‘நாம் பேசப்போய், நாளைக்கு அவளை உட்கார வைத்துவிட்டால்?’ என்ற ஒரு கேள்வியில் பல புகார்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

நார்வேயில் உள்ளூர் கிளப் என்பது உறுப்பினர் சங்கம். சிறுவர் அணிகளுக்குப் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரே சம்பளமின்றிப் பயிற்சியாளர். ஊர் கூடித் தேர் இழுப்பது போல ஒருவர் வலை கட்ட, ஒருவர் அப்பம் சுட்டு விற்க, ஒருவர் பயிற்சி தருகிறார். பெற்றோரும் உறுப்பினராகச் சேர்ந்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கலாம். 15 வயது நிரம்பிய உறுப்பினருக்கே வாக்குரிமை உண்டு. தன் கிளப்பை யார் நடத்துவது என்று கேட்கும் கூட்டத்தில், ஆடும் சிறுமியே கை தூக்க முடியும். அமெரிக்கச் சிறுமிக்கு அந்தப் பதினைந்தாவது வயதில் கிளப்பில் கிடைப்பது ஒரு சீருடை எண் மட்டுமே.

விதி எதைக் காக்கிறது

இரு நாடுகளும் எழுதிய விதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அவை பிறந்த காரணம் தெரியும்.

அமெரிக்க விதிகள் பேரழிவுக்குப் பின் வந்தவை. ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் லாரி நாசர் நூற்றுக்கணக்கான சிறுமியரையும் இளம்பெண்களையும் சீரழித்தது வெளிவந்த பிறகு, 2018 பிப்ரவரியில் பாதுகாப்பான விளையாட்டுச் சட்டம் கையெழுத்தானது. அதற்கு முந்தைய ஆண்டு டென்வரில் ‘சேஃப்ஸ்போர்ட்’ மையம் திறக்கப்பட்டிருந்தது. சிறார் மீதான வன்கொடுமையைப் பற்றித் தெரியவந்தால் பயிற்சியாளரோ நிர்வாகியோ 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பயிற்சியாளர் சிறுமியோடு தனியாக இருப்பதானால், பிறர் பார்க்கவும் குறுக்கிடவும் முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பினால் பெற்றோரோ மற்றொரு பெரியவரோ அதைப் பார்க்க முடிய வேண்டும். தண்டிக்கப்பட்டவர்களின் பட்டியலை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். எழுத்தளவில் இவை மிகச் செறிவான விதிகள்.

ஆனால் அந்த மையம் கட்டாயமாகக் கையில் எடுக்க வேண்டியது முதன்மையாகப் பாலியல் குற்றங்களைத்தான். வசை, அவமானம், பழிவாங்கும் தேர்வு போன்றவை பெரும்பாலும் மாநிலச் சங்கத்துக்கும் கிளப்புக்கும் திரும்பி வருகின்றன. கிளப்பிலோ வேறொரு 24 மணி நேரம் காத்திருக்கிறது. ஆட்டம் முடிந்து ஒரு நாள் கழியும்வரை பெற்றோர் பயிற்சியாளரிடம் பேசக் கூடாது என்பது பல அமெரிக்கக் கிளப்களின் வழக்கமான விதி. சூடு தணியட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆயினும் கொடுமையைச் சொல்லப் பயிற்சியாளருக்கும் நிர்வாகிக்கும் 24 மணி நேரக் கெடு, அவமானத்தைச் சொல்லப் பெற்றோருக்கு 24 மணி நேரத் தடை என்று இரண்டும் ஒரே கிளப்பில் நிலவும்போது, தன் பிள்ளைக்கு நடந்தது எந்தக் கணக்கில் சேரும் என்று பெற்றோரே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நார்வே பிள்ளையின் உரிமையிலிருந்து தொடங்கியது. 1987இல் சிறுவர் விளையாட்டுக்கான விதிகளையும், 2007இல் ‘சிறுவர் விளையாட்டு உரிமைகள்’ என்ற ஆவணத்தையும் நார்வே விளையாட்டுக் கூட்டமைப்பு ஏற்றது. பாதுகாப்பு, நட்பு, தன்னால் முடியும் என்ற உணர்வு, தன் பயிற்சியைத் திட்டமிடுவதில் பங்கு, எவ்வளவு பயிற்சி செய்வது என்று தானே முடிவெடுப்பது ஆகியவை பிள்ளையின் உரிமைகள். பதினோரு வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலும் தரவரிசையும் கிடையாது. ஒரு கிளப் பிடிக்கவில்லை என்றால் விலகி, உடனே வேறு கிளப்பில் சேர்ந்து ஆடலாம். சிறாரோடு பணியாற்றுபவர் காவல்துறைச் சான்று காட்ட வேண்டும். ஆட்டங்களில் கோட்டோரம் கண்காணிக்க மேலங்கி அணிந்த ஒருவரை உள்ளூர் கிளப் நிறுத்துகிறது. கத்தும் பெற்றோரை அமைதிப்படுத்துவதும் அவர் வேலை.

இவற்றில் பெற்றோருக்கு மிகவும் உதவுவது விலகும் உரிமை என்பேன். போகக் கதவு திறந்திருந்தால்தான் உள்ளே நின்று குரல் கொடுக்க முடியும். புள்ளிப் பட்டியல் இல்லாததும் சிறிய விஷயமல்ல. ஒன்பது வயது அணியை எப்படியாவது வெல்ல வைக்க வேண்டும் என்ற வெறிக்கு அங்கே தீனி இல்லை.

இரண்டிலும் உள்ள ஓட்டைகள்

நார்வேயைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. அந்த உரிமைகள் பன்னிரண்டு வயதோடு முடிகின்றன. பதின்மூன்றில், ஒரு சிறுமிக்குப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் வேளையில், இளையோருக்கான வழிகாட்டுதல்கள் மட்டுமே இருக்கின்றன. பயிற்சியாளர் பக்கத்து வீட்டுக்காரராகவும் மகளின் தோழியின் தகப்பனாகவும் இருக்கும்போது, காசு வாங்காமல் மாலை நேரத்தைக் கொடுக்கும் மனிதரை எப்படிக் குறை சொல்வது என்ற தயக்கம், அமெரிக்கப் பெற்றோரின் அச்சத்துக்குக் குறைந்ததல்ல. காவல்துறைச் சான்றும் பிடிபட்டவரைத்தான் காட்டும். தனிச்செய்தி, தனியறை பற்றிய அமெரிக்கத் துல்லியத்தை நார்வே கிளப்கள் தயங்காமல் கற்றுக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் இன்னொரு முகம் உண்டு. 1964இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆய்சோ என்ற சிறுவர் கால்பந்து அமைப்பு தன்னார்வப் பெற்றோரைக் கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும் என்ற கொள்கையோடு இன்றும் இயங்குகிறது. நார்வேயின் மனப்பான்மை அமெரிக்க மண்ணுக்கு அந்நியமானதல்ல. மேல்மட்டக் கிளப்களின் வாசலில்தான் அது நின்றுபோகிறது.

நம்மவருக்கு இதில் என்ன

ஆஸ்லோவின் புறநகர்க் கிளப்களிலும், கலிபோர்னியா, நியூஜெர்சி கிளப்களிலும் தமிழ்ப் பெற்றோர் கோட்டோரம் நிற்கிறார்கள். கற்றுக்கொடுப்பவரை எதிர்த்துப் பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாம். நாட்டின் மொழி பிடிபடாத தயக்கமும் சேர்ந்துகொள்ளும்போது ‘கோச் சொன்னால் சரியாத்தான் இருக்கும்’ என்று மகளிடமே சொல்லிவிடுகிறோம். இந்தியாவிலும் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. 2022இல், சொந்த மண்ணில் உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த 17 வயதுக்குட்பட்ட இந்திய மகளிர் அணியின் உதவிப் பயிற்சியாளர், ஐரோப்பியப் பயணத்தின்போது பாலியல் முறைகேட்டுப் புகாரில் நீக்கப்பட்டார்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு ஐயமில்லாமல் படுவது இதுதான். குற்றத்தைச் சட்டம் பிடிக்கும். அன்றாட அவமானத்தைத் தடுப்பதற்கு, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கிளப்பில் உரிமையுள்ள இடம் வேண்டும். மகளை ஒரு கிளப்பில் சேர்க்கும் முன் சீருடையின் விலையைக் கேட்கும் அதே மேசையில் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். புகாரைப் பயிற்சியாளர் அல்லாத யாரிடம் எழுதிக் கொடுப்பது? நடுவில் விலகினால் பணமும் பதிவும் என்ன ஆகும்? இந்த அணியில் பிள்ளைகளின் கருத்தை யார், எப்போது கேட்கிறார்கள்? பதில் சொல்லத் தெரியாத கிளப் எத்தனை கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தாலும், நம் பிள்ளையை அங்கே விடக் கூடாது.