ஓரியூரின் சிவப்பு மணல்

ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு பிடி சிவப்பு மணலை முடிந்துகொண்டு வருவார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும்தான். பூசினால் நோய் தீரும் என்று நம்பிக்கை. 1693 பிப்ரவரி 4 அன்று சிந்திய ரத்தத்தால் சிவந்த மணலாம் அது!

யாருடைய ரத்தம்?

ஜான் டி பிரிட்டோ. 1647-ல் லிஸ்பனில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை. இளவரசர் பெட்ரோவின் விளையாட்டுத் தோழன். அரண்மனை வாழ்வை உதறிவிட்டு இயேசு சபையில் சேர்ந்து, மதுரை மிஷனுக்கு வந்தார். பிற்பாடு அதற்குத் தலைவராகவும் ஆனார். காவி உடை, சைவச் சாப்பாடு, 'அருளானந்தர்' என்று தமிழ்ப் பெயர். அசல் பண்டாரச் சாமி!

ஏன் கொன்றார்கள்? மதம் என்று சொன்னால் அது பாதிக் கதை. மறவர் சீமையின் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். 'ஒரே மனைவிதான்' என்றார் பிரிட்டோ. தேவர் மற்ற மனைவிகளை விலக்கிவைத்தார். அவர்களில் ஒருத்தி, மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண்! நேரே அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். போதாக்குறைக்கு, தடியத்தேவர் சேது சிம்மாசனத்துக்கே உரிமை உள்ளவர். மன்னர் சும்மா இருப்பாரா? கைதியை ஓரியூரில் இருந்த தம்பியிடம் அனுப்பிவைத்தார். அங்கே வாள் வேலையை முடித்தது.

1947-ல் போப்பாண்டவர் 12-ம் பயஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். அதற்கு வெகுகாலம் முன்பே, வெட்டிய சீமையின் ஜனங்களே அவரைக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, ஒரே நாளில் வாழாவெட்டியாகிப்போன அந்தப் பெண்கள்? மணல் அள்ளும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.