ஏழு கோடுகள்

காக்ரேன் அமைப்பின் சின்னத்தை ரொம்ப நாள் வெறும் டிசைன் என்றுதான் நினைத்திருந்தேன். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, குறுக்கே சின்னதும் பெரிசுமாக ஏழு கோடுகள், அடியில் ஒரு வைரம். அது குறைமாதக் குழந்தைகளின் சாவுக் கணக்கு என்று தெரிந்த நாளிலிருந்து அதைச் சும்மா பார்க்க முடியவில்லை.

1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பாஸ்டனில் உயரழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரம்தான் இருந்தான். நோயின் காரணம் அப்போதே தெரியும்: நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற சோப்பு மாதிரியான சர்ஃபாக்டன்ட் இந்தக் குழந்தைகளிடம் போதிய அளவு இல்லை என்று 1959-லேயே மேரி எலன் ஏவரி எழுதியிருந்தார். ஒவ்வொரு மூச்சும் ஈரமான பாலிதீன் பையைப் புதிதாகப் பிரிக்கிற பாடு.

விடை வந்தது செம்மறியாட்டிலிருந்து. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் தேடியது வேறு, பிரசவ வலியை எது தொடங்கி வைக்கிறது என்று. கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்தினார். மிக முன்னதாகப் பிறந்து, செத்திருக்க வேண்டிய ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் ஓரளவு காற்று! அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் 282 தாய்மார்களிடம் சோதித்து 1972-இல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட தாய்களின் குழந்தைகளில் ஆரம்ப நாட்களில் இறந்தவை 3.2 சதவீதம், போடாதவர்களிடம் 15.

இத்தோடு கதை முடிந்திருக்கணும். முடியல. அடுத்தடுத்து சின்னச் சின்ன ஆய்வுகள் வந்தன. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்றன. சின்னத்தில் செங்குத்துக் கோட்டைத் தொடும் கோடுகள் அவைதான். தாலிடோமைடு பயம் மருத்துவர்களுக்கு ஆறியிருக்கவில்லை. தொற்று வருமோ, மூளை வளர்ச்சி கெடுமோ என்று தயங்கினார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஊசி போடுவது மகப்பேறு மருத்துவர், பலனைப் பார்ப்பது குழந்தை மருத்துவர் என்பதும் ஒரு சிக்கல். எனக்கு ஆறாதது வேறு: ஏழு முடிவுகளையும் ஒரே தாளில் வைத்துக் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பாட்ரிஷியா க்ரௌலி முறையாகத் தொகுத்து வெளியிடும்போது 1989 ஆகிவிட்டது. அந்த வைரம், கூட்டிய முடிவு, கோட்டைத் தொடாமல் தள்ளி நிற்கிறது. அமெரிக்காவில் தேசிய அளவில் பரிந்துரை வந்தது 1994-இல். விலை அற்பமான ஊசி. இடைப்பட்ட காலத்தில் பல்லாயிரம் குழந்தைகள் அநியாயமாகப் போயிருக்கும் என்று காக்ரேன் அமைப்பே சொல்கிறது.

பிறகாவது நிம்மதியா என்றால், இல்லை. 2015-இல் இந்தியா உள்பட ஆறு நாடுகளில் இதைக் கிராமங்கள் வரை கொண்டுபோன ஆய்வில் பச்சிளங்குழந்தை மரணம் மொத்தத்தில் கூடியது. ஊசி போட்டுக்கொண்ட பலர் நிறைமாதத்தில்தான் பெற்றார்கள். மறுபடி சந்தேகம். இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் திரும்பச் சோதித்தது. இந்த முறை ஸ்கேன் பார்த்து வாரத்தை உறுதிசெய்தார்கள்; குழந்தையைப் பராமரிக்க வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் நடத்தினார்கள். இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆனது. வெளியான ஆண்டு 2020. இந்தத் தடவை பதிலுக்கு ஐந்து வருஷம்தான் ஆச்சு.